வெற்றிலை போட்ட மீன்

இலங்கையின் களனி கங்கையில் போய் விழும் ஒரு சிற்றோடை. மேலே மரநிழல், அடியில் சரளைக்கல்லும் அழுகிய இலையும். விரல் நீளத்துக்கு ஒரு மீன், உடம்பில் கறுப்புப் பட்டைகளோடு நீரோட்டத்தை எதிர்த்து நிற்கிறது. இனப்பெருக்கக் காலம் வந்தால் ஆண் மீனின் முன்பாதி சிவந்துவிடும். சிங்களத்தில் இதன் பெயர் 'புலத் ஹபயா': வெற்றிலை மெல்லுபவன். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பிளாக் ரூபி பார்ப் என்பார்கள்.

இலங்கையின் தென்மேற்கில் களனி முதல் நில்வளா வரையான ஆறுகள்தான் இதன் சொந்த ஊர். மகாவலி ஆற்றில் இயற்கையாக இது கிடையாது. இத்தனைக்கும் கினிகத்தேனைப் பக்கம் களனிக்கும் மகாவலிக்கும் நீர் தரும் ஓடைகளுக்கு நடுவே இருப்பது ஒரு மலைமுகடு மட்டுமே. ஆனால் இந்த மீனால் முகடு ஏற முடியாது. ஆற்றோடு இறங்கிக் கடல்வழியாகச் சுற்றி வரலாம் என்றால் உப்பு கொன்றுவிடும். அதற்கு ஓர் ஆறு என்பது ஒரு தீவு. அப்படிப் பார்த்தால் இலங்கைக்குள் 103 ஆற்றுத் தீவுகள்.

1980களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டுபோய் மேல் மகாவலியில் விட்டார்கள். பிழைத்துக்கொண்டது. ஆக, மகாவலித் தண்ணீர் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் இல்லை. வழிதான் இல்லாமல் இருந்திருக்கிறது.

வழியில்லாமல் அடைபட்ட கூட்டம் பல்லாயிரம் தலைமுறை தனக்குள்ளேயே பெருகினால் மெல்ல மெல்லத் தனி இனமாகிவிடும். கேகாலை மாவட்டத்தில் கலப்பிட்டமட அருகே, ரப்பர் தோட்டத்துக்கும் வயலுக்கும் நடுவே ஓடும் ஒரேயோர் ஓடையில்தான் பந்துல பார்ப் என்ற சிவப்பு மீன் கண்டுபிடிக்கப்பட்டது. 1991இல் தனி இனமென்று பெயர் சூட்டினார்கள். இலங்கையின் நன்னீர் மீன்களில் பாதிக்கு மேல் வேறெந்த நாட்டிலும் இல்லாதவை. அவற்றில் பெரும்பாலானவை மழை மிகுந்த இந்தத் தென்மேற்கு ஈரவலயத்துக்காரர்கள்.

வடக்கே வந்தால் கதை வேறு. விரால், கெளுத்தி, குறவை, பனையேறிக் கெண்டை: தஞ்சாவூர்க்காரருக்கும் வவுனியாக்காரருக்கும் இதெல்லாம் ஒரே மீன்தான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே கிடந்தது. ஆழமில்லாத பாக்கு நீரிணை அப்போது வெறும் தரை. ஆனால் அது வறண்ட சமவெளிப் பாலம். வெயிலில் சூடான கலங்கல் நீரைத் தாங்குகிற மீன்களுக்கு அது ராஜபாட்டை; குளிர்ந்த நிழலோடைக்குப் பழகிய புலத் ஹபயாவுக்கு அல்ல. விராலும் பனையேறியும் செவுளுக்கு மேலே இருக்கும் தனி உறுப்பால் காற்றையே சுவாசிப்பவை. மழை இரவில் ஈரத்தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். எங்கும் போக முடிகிற மீன் எங்கும் ஒன்றாகவே இருக்கிறது.

விலாங்கு இந்தக் கணக்குக்குள் அடங்காது. அது முட்டையிடக் கடலுக்கே போகிறது.

எனக்கு இதில் மிகப் பிடித்த புதிர் குளங்கள். வறண்ட வலயத்தில் கடல்போல விரிந்து கிடக்கும் நீர்நிலைகளில் பெரும்பாலானவை மன்னர்கள் கட்டியவை. அவற்றை நாம் குளம் என்கிறோம். வெள்ளநீர் தேங்கும் தாழ்நிலங்களை விட்டால், இயற்கையான நன்னீர் ஏரி இலங்கையில் கிடையாது. ஆகவே திறந்த, ஆழமான நீரில் வாழவென்றே உருவான மீனும் இல்லை. ஆற்றிலிருந்து வந்தவை கரையோரத்தையும் செடிகொடியையும் ஒட்டியே பிழைத்தன. ஆயிரமாண்டுக்கு மேலாக நடுக்குளம் ஏறக்குறைய காலி வீடு. 1952இல் ஆப்பிரிக்காவைச் சொந்த ஊராகக் கொண்ட மொசாம்பிக் திலாப்பியாவைக் கொண்டுவந்து விட்டபோது அது அந்த வீட்டில் குடியேறியது. இன்று பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தில் விரிக்கும் வலையில் அதிகம் விழுவது திலாப்பியாதான்.