டிரிக் ஆர் டிரீட்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அக்டோபர் 31, ஹாலோவீன். பிள்ளைகள் வேடம் கட்டி, வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கும் நாள். மூன்று வயது மகளுக்குத் தேனீ வேடம் போட்டு, குளிருக்கு உள்ளே தடித்த சட்டையும் மாட்டி, கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் தெருவில் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் விளக்கு எரிகிற வீடுகளில் மட்டும்தான் கதவைத் தட்டுவது வழக்கம். முதல் வீட்டில் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவள், நாலாவது வீட்டில் "டிக்காட்டீட்!" என்று கத்தினாள். 'டிரிக் ஆர் டிரீட்'தான் அது: மிட்டாய் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்ற விளையாட்டு மிரட்டல். கூட வந்த அம்மா, "பிள்ளை என்ன கேக்குது?" என்றார். எனக்குச் சட்டென்று தமிழ் வரவில்லை.

முதலில் ஹாலோவீன். 'ஹாலோ' என்றால் பழைய ஆங்கிலத்தில் புனிதர். கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஈன்' மாலையைக் குறிக்கும். நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா. அதற்கு முந்தைய மாலை இது. நவம்பர் 2இல் வரும் கல்லறைத் திருநாள் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு நன்கு பழகியது. ஆகவே 'பேய்த் திருநாள்' என்று எழுதுவது சொல்லின் பொருளையே விட்டுவிடுகிறது.

இங்கிலாந்தில் ஏழைகள் இந்த நாட்களில் வீடு வீடாகப் போய், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி 'சோல் கேக்' என்னும் சிறு கேக்குகளை வாங்கினார்கள். ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் வேடம் கட்டிப் போய்ப் பாட்டோ விகடமோ சொல்லி, பழமோ காசோ பெற்றார்கள். அங்கே மிரட்டல் கிடையாது. மிரட்டல் சேர்ந்த 'டிரிக் ஆர் டிரீட்' என்ற தொடர் வட அமெரிக்காவுக்குரியது. 1927இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துப் பிளாக்கி என்னும் சிற்றூரைப் பற்றி வந்த செய்தி, இதற்குக் கிடைக்கும் பழைய பதிவுகளில் ஒன்று. அந்த ஊர்ப் பிள்ளைகள் வண்டிச் சக்கரங்களையும் படலைகளையும் கழற்றித் தெருவில் போட்டிருந்தார்கள்!

'டிரிக்' என்பதற்கு அகராதியில் தந்திரம், ஏமாற்று என்றெல்லாம் இருக்கும். பிள்ளை வாயில் அது குறும்புதான். 'டிரீட்' எனக்கு மிகவும் பிடித்த சொல். அதன் வேர் லத்தீனில் 'கையாளுதல்'. ஆங்கிலத்துக்கு வந்தபோது அதற்குப் 'பேசித் தீர்த்தல்' என்ற பொருளும் இருந்தது. உடன்படிக்கையைக் குறிக்கும் 'டிரீட்டி'யும் அதன் உறவே. ஒருவரை நன்றாக நடத்துதல், விருந்து கொடுத்தல் என்ற பொருள்கள் வளர்ந்து, கடைசியில் மிட்டாய்வரை வந்துவிட்டது. வாசலில் நிற்கும் மூன்று வயதுக்காரியும் ஒரு பேரம்தானே பேசுகிறாள்?

அதனால் 'தந்திரமா விருந்தா' என்ற நேர்பெயர்ப்பு ஒட்டாது. 'இனிப்பா, குறும்பா?' சரியாக வருகிறது. கேள்வியும் மிரட்டலும் அதிலேயே இருக்கின்றன, மழலை நாக்குக்கும் எளிது. வீடு வீடாகப் போகும் வழக்கத்துக்குத் தனிப்பெயர் வேண்டும். 'மிட்டாய் உலா' என்கிறேன். தெருவழியே, எல்லோரும் பார்க்கப் போவதுதானே உலா. 'பிச்சை', 'யாசகம்' என்று மட்டும் சொல்லவேண்டாம். விளக்கு எரிகிற வீட்டார் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அடுத்த வாசலில் அம்மா குனிந்து அவள் காதில் சொல்லிக் கொடுத்தார். கதவு திறந்ததும், "இனிப்பா, குடும்பா?" என்றாள்.