ஆர்ப்பாட்டத்துக்கு போலீஸ் அனுமதி: சட்டம் என்ன சொல்கிறது?

தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, குப்பைக் கிடங்கு இங்கே வேண்டாம், மதுக்கடையை மாற்று என்று நாலு பேர் சேர்ந்து கிளம்பினால் முதலில் வரும் கேள்வி, "போலீஸ் பர்மிஷன் வாங்கியாச்சா?" என்பதுதான். அதைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19வது பிரிவு குடிமக்கள் எல்லோருக்கும் கொடுத்திருக்கும் அடிப்படை உரிமை. பொது ஒழுங்கு, நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம், அவ்வளவுதான். போலீஸ் இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தலாம், ஆனால் பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது.

சென்னையில் மாநகர காவல் சட்டத்தின் 41வது பிரிவின் கீழ் 15 நாள் தடை உத்தரவு போடுவார்கள், முடிந்ததும் அடுத்த 15 நாளுக்குப் புதிதாகப் போடுவார்கள், இப்படியே வருடம் ஓடும். மற்ற மாவட்டங்களில் "30(2) அமலில் இருக்கு" என்பார்கள், அது கூட்டம், ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கச் சொல்லும் 1861ஆம் ஆண்டு போலீஸ் சட்டத்தின் பிரிவு. இரண்டுமே வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள் என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. இந்த உத்தரவுகள் அமலில் இருந்தாலும் அனுமதி கேட்கலாம், கொடுக்கவும் செய்கிறார்கள்.

போலீஸுக்குக் கொடுக்கும் அனுமதி மனுவில் நாள், நேரம், இடம், எத்தனை பேர் வருவார்கள், என்ன கோரிக்கை, யார் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கட்டும். ஐந்து நாளாவது முன்னதாகக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் சீலும் வாங்கிக்கொள்ளுங்கள். மைக் வைப்பதென்றால் அதையும் எழுதுங்கள், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வாய்வார்த்தையாக "முடியாது" என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதம் கையில் இருந்தால்தான் உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ வழக்குப் போட வசதி. நிபந்தனைகளோடு அனுமதி கொடுக்கச் சொல்லி அங்கே எத்தனையோ உத்தரவுகள் வந்திருக்கின்றன.

சரி, கோரிக்கையை அதிகாரிகளிடம் மனுவாகக் கொடுத்தால் போதாதா, ரோட்டுக்கு ஏன் வர வேண்டும்? மனு ஃபைலுக்குள் போய்விடும், அதனால்தான். சேறாகிக் கிடக்கும் ரோட்டில் பெண்கள் இறங்கி நாற்று நடுகிறார்களே, அதைப் பார்த்தவருக்கு அந்த ரோட்டின் நிலைமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. காலிக் குடம், ஒப்பாரி, பாடை கட்டுதல் எல்லாம் நம் ஜனங்கள் தங்கள் வயல், வீடு, சாவு வீட்டிலிருந்தே எடுத்த மொழி. 2017இல் நம் ஊர் விவசாயிகள் மண்டை ஓடுகளோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோதுதான் நாடே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கே போராட்டமே கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. முழுத் தடை செல்லாது என்று 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனால் 2020இல், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக டெல்லியில் சாலையில் உட்கார்ந்து நடந்த ஷாஹீன் பாக் போராட்டம் பற்றிய வழக்கில், பொதுப் பாதையைக் காலவரையின்றி மறித்து உட்கார முடியாது என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, ஓரமாக நின்று கோஷம் போடும் ஆர்ப்பாட்டம் வேறு, மறியல் வேறு. மறியல் என்றால் கைது வரும் என்று தெரிந்தே இறங்குங்கள்.

அப்புறம், ஐந்து பேர் கூடினாலே குற்றம் என்று மிரட்டுவதை நம்ப வேண்டாம். கூட்டம் கூடத் தடை போடும் 163 (பழைய 144) உத்தரவு அமலில் இல்லாத இடத்தில் வெறும் எண்ணிக்கை குற்றமாகாது, கூடியதன் நோக்கம் சட்டவிரோதமாக இருக்க வேண்டும்.

கைதானால் வழக்கமாகக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விடுவார்கள். காரணத்தைச் சொல்வதும் வீட்டாருக்குத் தகவல் கொடுப்பதும் அவர்கள் கடமை, மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகாமல் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சூரியன் மறைந்தபின் பெண்களைக் கைது செய்வதென்றால், தவிர்க்க முடியாத சூழ்நிலையில், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு, பெண் போலீஸ் அதிகாரிதான் செய்ய வேண்டும். மண்டபத்தில் பெயர் எழுதிக்கொள்ளும்போதே எஃப்ஐஆர் போடுகிறார்களா, எந்தப் பிரிவு என்று கேட்டுக் குறித்துவையுங்கள். பல மாதம் கழித்து பாஸ்போர்ட் விசாரணையில்தான் வழக்கு இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியவருகிறது.