ஏசி கேஸ் தீர்ந்துபோகிற பொருள் இல்லை

போன வாரம் திருவான்மியூரில் ஒரு வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை, தனியாக இருக்கிறார். ஒன்றரை டன் இன்வர்ட்டர் ஏசி, வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. நான் ஏணியைச் சுவரில் சாய்ப்பதற்குள், "கேஸ் தீர்ந்துடுச்சு தம்பி, போட்டுட்டுப் போயிடுப்பா" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வருடா வருடம் ஏப்ரலில் தீர்ந்துவிடுமாம். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த மூன்று பில்களைக் காட்டினார். 2,800, 3,000, 3,200. ஆக 9,000 ரூபாய். வந்த மூன்று பேரில் ஒருவர்கூட, போட்ட கேஸ் எங்கே போனது என்று தேடவில்லை.

தேடுவதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவுட்டோர் யூனிட்டில் செம்புக் குழாய் வந்து சேரும் நட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதன் மேல் தூசி படிந்து கறுத்துக் கிடந்தது. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சேர்ந்தே சுற்றும். அதனால் கேஸ் கசியும் இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்க் கறை இருக்கும். சோப்பு நுரை தடவியதும் குமிழி வந்தது. குழாய் முனையை வெட்டி, புதிதாக ஃபிளேர் செய்து (முனையைக் கூம்பாக விரித்து), நைட்ரஜன் அடித்துச் சோதித்து, வேக்யூம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), எடை பார்த்து கேஸ் ஏற்றினேன். மொத்தம் 3,800 ரூபாய். முதல் வருடமே இதைச் செய்திருந்தால் அந்தம்மாவுக்கு அதோடு செலவு முடிந்திருக்கும்.

இந்த வேலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இந்தக் கோடையில் மட்டும் இதேபோல எத்தனை வீடு பார்த்துவிட்டேன் என்று எண்ணவே மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஏசிக்குள் இருக்கும் கேஸ் தீராது. குழப்பம் 'கேஸ்' என்ற பெயரிலேயே தொடங்குகிறது என்று நினைக்கிறேன். சமையல் கேஸ் எரிகிறது, அதனால் தீர்கிறது. மாதம் ஒரு சிலிண்டர் வாங்குகிறோம். ஏசியில் எதுவும் எரிவதில்லை. அதே கேஸ்தான் உள்ளேயும் வெளியேயும் சுற்றிச் சுற்றி வருகிறது. அறையின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய் வெளியே விட்டுவிட்டுத் திரும்புகிறது. எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் ஒரு கிராம்கூடச் செலவாகாது. "நாங்க ராத்திரி பகலா போடுறோம், அதான் சீக்கிரம் தீருது" என்று சொல்வார்கள். இல்லை. சமையலறையில் இருக்கும் ஃபிரிட்ஜை நினைத்துப் பாருங்கள். அதற்குள்ளும் கேஸ்தான் ஓடுகிறது. வாங்கிய நாளிலிருந்து இருபத்து நாலு மணி நேரமும் வேலை செய்கிறது. அதற்கு வருடா வருடம் கேஸ் போட்டீர்களா?

பிறகு ஏன் ஏசியில் மட்டும் குறைகிறது? ஃபிரிட்ஜின் குழாய்களைத் தொழிற்சாலையிலேயே பற்றவைத்து மூடி அனுப்புகிறார்கள். ஸ்பிளிட் ஏசியில் உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் உங்கள் வீட்டில் வைத்துத்தான் இணைக்கிறோம். குழாய் முனையைக் கூம்பாக விரித்து நட்டு போட்டு முறுக்குகிறோம். அந்த விரிப்பு சரியில்லை என்றாலோ, நட்டை அளவுக்கு மீறி முறுக்கினாலோ, அன்றே கசிவு தொடங்கிவிடுகிறது. ஓரிரு வருடம் கழித்துத்தான் குளிர் குறைவது தெரியும். அப்புறம் 'காயில்' லீக், அதாவது கேஸ் ஓடும் வளைகுழாய்களில் கசிவு. கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று அவுட்டோர் காயிலைத் தின்கிறது. உள் யூனிட்டின் செம்புக் குழாயில் ஊசித் துளைகள் விழுந்து, உள்ளுக்குள் எறும்புப் புற்று போலக் கிளை பிரிந்து அரிப்பதும் உண்டு. ஈரத்தோடு சில வகை அமில ஆவி சேரும்போது இது நடக்கும். காயிலை ஆசிட் ஊற்றிக் கழுவ யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், காயிலின் ஆயுள் போய்விடும்.

லீக்கை அடைக்காமல் கேஸ் போடுவது, பஞ்சர் ஒட்டாமல் டயருக்குக் காற்றடிப்பதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரஷர் அளக்கும் கேஜில் முள் கீழே நிற்பதைக் காட்டி "பாருங்க சார், கேஸ் இல்லை" என்பார்கள். ஃபில்டர் அடைத்திருந்தாலும், காயிலில் அழுக்கு அப்பியிருந்தாலும் அதே முள் இறங்கும். இன்வர்ட்டர் மிஷினில் கம்ப்ரசர் வேகம் மாற மாற பிரஷரும் மாறும். ஆகவே முதலில் வாட்டர் சர்வீஸ், அதாவது தண்ணீர் அடித்து ஃபில்டரையும் காயிலையும் கழுவுவது. எங்கள் பகுதியில் 600, 700 ரூபாய். அதைச் செய்த பிறகும் குளிரவில்லை என்றால் கேஸைப் பற்றிப் பேசலாம். எனக்கு 'கேஸ் போடணும்' என்று வரும் அழைப்புகளில் கணிசமானவை இந்தச் சர்வீஸோடு முடிந்துவிடுகின்றன.

கேஸ் போடுவது என்று முடிவானால் பக்கத்திலேயே நில்லுங்கள். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் எடையும் அச்சிட்டிருக்கும்: ஆர்-32, ஆர்-410ஏ, பழைய மிஷின் என்றால் ஆர்-22. அதே கேஸ்தானா என்று பாருங்கள். சிலிண்டரைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். வேக்யூம் பம்ப் கொண்டு வராதவரை வேலையைத் தொடங்கவே விடாதீர்கள். கேஸைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறேன் என்பது சோம்பேறித்தனம். ஈரமும் காற்றும் உள்ளே தங்கி கம்ப்ரசரைக் கெடுக்கும். லீக் சோதிக்க ஆக்சிஜன் சிலிண்டரோடு யாராவது வந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். கம்ப்ரசர் எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜன் மட்டும்தான்.

கேஸுக்கு அடுத்தபடி அதிகம் பயமுறுத்தும் சொல் 'கம்ப்ரசர் போச்சு'. இன்வர்ட்டர் இல்லாத பழைய மிஷின்களில் ஃபேன் ஓடும், கம்ப்ரசர் மட்டும் 'உம்' என்று முனகிவிட்டு நிற்கும். பல நேரம் அது கெப்பாசிட்டர், கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் சின்னப் பாகம். சில நூறு ரூபாய்ப் பொருள். கெப்பாசிட்டரை மீட்டரில் அளந்து காட்டாமல் 12,000 ரூபாய்க்குக் கம்ப்ரசர் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்வர்ட்டர் மிஷினில் பெரிய செலவு பிசிபி போர்டு, அதாவது மிஷினை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை. புதிது 6,000-க்குக் குறைந்து கிடைப்பது அரிது. பல்லி ஏறிச் செத்து ஷார்ட் ஆன போர்டுகளை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன். அவற்றில் நிறைய ரிப்பேர் ஆகும்; சென்னை ரிச்சி தெருவில் இதற்கென்றே உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எனவே கழற்றிய போர்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பொருள்.

'பத்து வருட வாரண்டி' என்பது பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும். அதை மாற்றும் கூலி, கேஸ், போக்குவரத்து எல்லாம் உங்கள் தலையில் விழலாம். கார்டைப் படியுங்கள். ஆர்-22 ஓடும் பழைய மிஷினில் கம்ப்ரசர் நிஜமாகவே போய்விட்டது என்றால், அதில் பணம் போட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். 2025 முதல் இந்தியாவில் அந்த கேஸில் புது ஏசி தயாரிக்கவே அனுமதி இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். மே மாதக் கத்திரி வெயிலில், ராத்திரி பத்து மணிக்கு, தூங்காத குழந்தையோடு மெக்கானிக்கைத் தேடாதீர்கள். அந்த நேரத்தில் சொன்ன விலைதான். பிப்ரவரியிலேயே ஒருநாள் ஏசியைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அன்றே அந்த அவுட்டோர் ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். சில வெயில் காலம் போனால் எழுத்து அழிந்துவிடலாம். அப்புறம் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று வருகிறவர் சொல்வதை நம்ப வேண்டியிருக்கும். அந்த ஆசிரியை வீட்டில் நான் பேனாவால் உள் யூனிட்டின் மூடிக்குப் பின்னால் எழுதி வைத்துவிட்டு வந்தேன்: ஆர்-32, இத்தனை கிராம், போட்ட தேதி, லீக் அடைத்த இடம்.