மார்பகத்தில் என்ன கனம்?

மமோகிராமை, அதாவது மார்பக எக்ஸ்ரேயை, விளக்கும் தமிழ்த் துண்டுப்பிரசுரங்களில் 'கனமான மார்பகம்' என்று வாசித்து வாசித்து அலுத்துவிட்டது. போன மாதம் ஹட்டன் பக்கம் ஒரு கிளினிக் சுவரிலும் அதேதான்.

ஆங்கில மூலச்சொல் 'டென்ஸ்'. லத்தீன் வழி வந்தது. நெருக்கமானது என்று பொருள். தமிழில் அடர்த்தி. அவ்வளவுதான்.

'கனம்' சிங்களப் பிரதி வழியாக நுழைந்திருக்கும் என்பது என் கணிப்பு. அங்கே அடர்த்திக்கு 'கனத்வய' என்பார்கள். மொழிபெயர்த்தவர் ஓசையைப் பிடித்துக்கொண்டு பொருளைக் கோட்டைவிட்டுவிட்டார். வடமொழி 'கன'வுக்கு அடர்ந்தது என்ற பொருளும் உண்டே என்று பண்டிதர்கள் வருவார்கள். இருக்கட்டும். தோட்டத்தில் கனம் என்றால் தராசில் ஏறுவது. கொழுந்துச் சுமையோடு மலை இறங்குகிற அக்காவிடம் 'மார்பு கனம்' என்றால், சுமை தூக்கிய வலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொள்வார். 'கெட்டியான மார்பு' என்று எழுதுகிறவர்கள் இதைவிட மோசம். கெட்டி, காதில் கட்டியாக விழும். அன்றிரவு தூக்கம் போச்சு.

இரண்டு சொல்லும் கையால் தொட்டு அறிகிற குணத்தைச் சொல்கின்றன. பெண்களின் உடல்நலம் பார்க்கும் நம் வெல் வுமன் கிளினிக்கில் கையால்தானே முதலில் பரிசோதிக்கிறார்கள், குழப்பம் வராமல் என்ன செய்யும்? ஆனால் இந்த அடர்த்தி கைக்குப் பிடிபடாது, படத்தில்தான் தெரியும். சுரப்பியும் நாரிழையமும் வெள்ளையாக விழும், கொழுப்பு கறுப்பாக. புற்றுக்கட்டியும் வெள்ளை. நானுஓயா மூடுபனியில் வெள்ளை மாட்டைத் தேடுவது போல. 40 வயது தாண்டிய பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இப்படித்தான். நோயல்ல, ஆனால் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும்.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் முதல் மமோகிராம் எடுத்த பெண்ணிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நெதர்லாந்தில் மிக அடர்ந்த இழையமுள்ள பெண்களில் ஒரு குழுவை எம்.ஆர்.ஐ.க்கும் அழைத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. அடுத்த பரிசோதனைக்குள் வெளிப்பட்ட புற்றுநோய் அந்தக் குழுவில் 1000க்கு 2.5, மமோகிராம் மட்டும் எடுத்த குழுவில் 5. மலையகத்தில் எம்.ஆர்.ஐ. எட்டாக்கனி, சரி. மார்புக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனாவது எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாமே. எழுதியது விளங்கினால்தானே கேட்பாள்?

என் சொல் 'அடரிழைய மார்பகம்'. திசு இந்தியப் பாடப்புத்தகச் சொல். நம் பிள்ளைகள் படிப்பது இழையம். 'அடர்திசு'வை இறக்குமதி செய்யத் தேவையில்லை. பேச்சுக்கு அதுகூட வேண்டாம். "படத்துல இழையம் அடர்த்தியா இருக்கு அக்கா, ஒரு ஸ்கேனும் பார்ப்போமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க" என்று மருத்துவமாது சொன்னால் போதும். பிரசுரம் எழுதுகிறவர்கள் அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் ஒருதரம் வாசித்துக் காட்டினால் என்னவாம்?