மாட்டுக்கு மக்காச்சோளம்: எத்தனை கிலோ என்பதற்கு முன் எந்தப் பதம் என்று பாருங்கள்

பால் ஏறவில்லை என்று கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தீவனத்தைப் பற்றி அல்ல, சாணத்தைப் பற்றி. "சாணத்துல மக்காச்சோளம் முழுசா வருதா?" பாதிப் பேர் சொல்லும் பதில், "அது எப்பவும் வர்றதுதான் சார்." மாடு தின்றது வயிற்றில் நிற்காமல் குப்பைமேட்டுக்குப் போகிறது, அதை வழக்கம் என்று விட்டுவிடுகிறோம். கிலோ 24 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், சாணத்தோடு போவது காசுதான்.

மக்காச்சோளத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் மாவுச்சத்து. புரதம் 8 முதல் 10 சதவீதம், எண்ணெய் 4 சதவீதத்தை ஒட்டி. சுண்ணாம்புச் சத்து இல்லை என்றே சொல்லலாம், அதனால்தான் தாது உப்புக் கலவையை விடாதீர்கள் என்கிறோம். எரிசக்திக்கு இதைவிட நல்ல தானியம் கிடைப்பது அரிது. ஆனால் அந்த மாவுச்சத்து இரண்டு பூட்டுக்குள் இருக்கிறது. முதல் பூட்டு மணியின் மேல்தோல். அது உடையாத வரை, தீனி முதலில் போய்ப் புளிக்கும் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிரிகளால் உள்ளே நுழையவே முடியாது. இரண்டாவது, மாவுத்துகள்களைச் சுற்றிப் பின்னியிருக்கும் புரதம். மணியைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஓரத்தில் கண்ணாடி போலக் கெட்டியாக மஞ்சளாக ஒரு பகுதி, நடுவில் வெள்ளையாகப் பொடியாக ஒரு பகுதி. அந்தக் கெட்டிப் பகுதியில்தான் புரதப் பின்னல் அடர்த்தி. நம் ஊர் ரகங்களில் பெரும்பாலும் கெட்டிப் பகுதி கூடுதல். அமெரிக்காவில் அதிகம் விளைவது தலையில் குழி விழுந்த, மாவுப் பகுதி மிகுந்த வகை. அதனால் அங்கே எழுதியதை அப்படியே இங்கே எடுத்துப் போட முடியாது.

"கோழிக்கு முழுசா போடுறோமே, ஆட்டுக்கும் போடுறோமே?" என்று ஒரு பெரியவர் மடக்கினார். நியாயமான கேள்வி. கோழிக்கு அரைவைப்பை இருக்கிறது, உள்ளேயே நொறுக்கிவிடும். ஆடு சின்ன வாயில் நிதானமாக மெல்லும். இளங்கன்றுகூட முழு மணியை நன்றாகவே கடித்து உடைக்கும். வளர்ந்த பசுதான் அவசரக்காரி, பாதியை மெல்லாமலே விழுங்கிவிடும். அசை போடும்போது கொஞ்சம் உடையும், மிச்சம் தப்பித்துவிடும். அமெரிக்கத் தீவனக் கொட்டில்களில் முழு மக்காச்சோளம் போட்டே இறைச்சி மாடு வளர்க்கிறார்கள் என்று காணொளி பார்த்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். அங்கே தீவனத்தில் வைக்கோல் மிகக் குறைவு, மணி முதல் வயிற்றில் அதிக நேரம் தங்கும். வைக்கோலும் தட்டும் புல்லும் நிறையத் தின்கிற நம் கறவை மாட்டில் அது நடக்காது.

சரி, உடைக்கலாம். எந்த அளவுக்கு? இங்கேதான் மறுமுனைக்குப் போய்விடுகிறோம். மாவு மில்லில் கொடுத்தால் இட்லிப்பொடி போல நைசாக அரைத்துத் தருவார்கள். அதைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால் மாடு இரண்டு நிமிடத்தில் உறிஞ்சிவிடும். வீட்டுக்காரருக்குத் திருப்தி. ஆனால் மெல்லவில்லை, எச்சில் ஊறவில்லை. பசு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கும். அதில் இருக்கும் சோடா உப்புதான் வயிற்றின் புளிப்பைச் சமன் செய்வது. நைஸ் மாவு சில மணி நேரத்தில் மளமளவென்று புளிக்கும், எச்சில் துணையும் இருக்காது. முதல் வயிற்றின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் இறங்கினால் புளிப்பு கூடுகிறது) 6-க்கு மேல் இருக்க வேண்டியது 5.5 வரை இறங்கும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் அந்தப் புளிப்பில் தாங்காது. தினமும் இப்படியே போனால் மாடு படுத்துவிடாது, ஆனால் இளைத்துக்கொண்டே வரும். ஒரு நாள் தீனி எடுக்கும், மறுநாள் எடுக்காது. சாணம் தளர்ந்து, வெளுத்து, நுரைக்குமிழியோடு வரும். பாலில் கொழுப்பு இறங்கும். சொசைட்டியில் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் (கொழுப்பு நீங்கலான மற்ற திடச்சத்து) பார்த்துத்தானே விலை போடுகிறார்கள்? லிட்டர் குறையாமலே பணம் குறைவது இப்படித்தான். சில மாதம் கழித்துக் குளம்பு வீங்கி நொண்டும்போது, யாரும் அதை மாவோடு சேர்த்து யோசிப்பதில்லை.

ஒரு அக்காவின் கொட்டிலில் இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்த்தேன். "தீனியக் கூட்டிக்கிட்டே போறேன் சார், பால் அப்படியே நிக்குது" என்றார். காலையில் ஊறவைத்த முழு மக்காச்சோளம், மாலையில் மாவுக் கரைசல். ஊறவைத்தால் மணி மெத்தென்று ஆகுமே தவிர, தோல் திறக்காது. ஒரு கை சாணத்தை மாவுச் சல்லடையில் போட்டுக் குழாயடியில் கழுவச் சொன்னேன். சாணம் கரைந்து போனதும் சல்லடையில் மஞ்சள் மஞ்சளாக நின்றது. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், வாரம் ஒருமுறை யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆய்வுக்கூடத்தில் சாண மாவுச்சத்தை அளந்து பார்ப்பதும் உண்டு. 3 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல செரிமானம், 5-ஐத் தாண்டினால் அரைவையைச் சரிபார்க்க வேண்டும்.

நான் சொல்லும் பதம் ரவை. ஒரு மணிகூட முழுசாக இருக்கக் கூடாது, மாவாகவும் பறக்கக் கூடாது. தீவனம் அரைக்கும் இயந்திரம் என்றால் 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை போடச் சொல்லுங்கள். அதைத் தவிடு, புண்ணாக்கு, தாது உப்போடு பிசிறி, கை ஈரம் தெரிகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, வைக்கோலோ தட்டோ கொஞ்சம் தின்ற பிறகு வையுங்கள். கலப்புத் தீவனத்தில் மக்காச்சோளம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருந்தால் போதும். தினம் ஒரு கிலோ மட்டும், அதுவும் தவிட்டில் கலந்து கொடுப்பவருக்கு மாவாக இருந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. மூன்று நான்கு கிலோ கொடுப்பவர்தான் பதத்தையும் வேளையையும் பார்த்தாக வேண்டும். புதிதாகக் கூட்டுவதென்றால் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

வேகவைத்துக் கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்கப் பண்ணைகளில் மணியை அரை மணி நேரத்துக்கு மேல் நீராவியில் வைத்து, சூட்டோடு உருளையில் நசுக்கிச் செதிலாக்குகிறார்கள். உலர்ந்த மணியை உருளையில் உடைத்தால் மாட்டின் உடலில் சுமார் 90 சதவீத மாவுச்சத்து செரிக்கும். செதிலாக்கினால் 99 வரை போகும். நீராவியும் அழுத்தமும் சேர்ந்து அந்த இரண்டாவது பூட்டையும் உடைத்துவிடுகின்றன. ஆயிரக்கணக்கில் மாடு வைத்திருப்பவருக்குக் கொதிகலன் கட்டுப்படியாகும். மூன்று மாட்டுக்கு விறகு எரித்துக் கூழ் காய்ச்சுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூழும் உறிஞ்சப்படும், கரைசலின் கதைதான்.

ஊறுகாய்ப்புல், அதாவது பச்சை மக்காச்சோளப் பயிரைக் கதிரோடு நறுக்கிக் காற்றுப் புகாமல் புளிக்கவைத்த தீவனம், வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கதிர் பால் பிடித்து மாவு கட்டும் பருவத்தில் வெட்டினால் மணி மென்மையாக இருக்கும். முற்றவிட்டு வெட்டி, நசுக்காமல் மூட்டை கட்டினால், அதே முழு மணி அதே சாணத்தில் வந்து நிற்கும். மூட்டையைப் பிரித்ததும் ஒரு கைப்பிடி எடுத்து மணி உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல ஊறுகாய்ப்புல்லில் மாதங்கள் போகப்போகப் புரதப் பின்னல் தளர்ந்து மாவுச்சத்து கூடுதலாகச் செரிக்கும் என்பது ஒரு சௌகரியம்.

பசு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மூட்டையில் வாய் வைத்துவிட்டால், முழு மணியைவிட அரைத்ததுதான் ஆபத்து, வேகமாகப் புளிக்கும். மாட்டுப்பொங்கலன்று பாத்திரம் நிறையப் பொங்கல் ஊட்டிய மறுநாள் எங்களுக்கு வரும் அழைப்புகளும் இதே ரகம். மீதியை எட்டாமல் எடுத்து வைத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எண்ணெய் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

அரைத்து வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. உடைந்த மணியில் எண்ணெய் காறும், பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். எனவே முழுசாக வாங்குங்கள், ஈரம் 12 சதவீதத்துக்குள் காயவிடுங்கள், ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள். 2019-ல் வெளியான தேசியப் பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 5.7 சதவீதத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அப்படிப்பட்ட மாதிரிகள் அதிகம் கிடைத்தது தமிழ்நாட்டில். பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்துதான் அது பாலுக்கு வருகிறது. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மாட்டுக்கு ஆகாததைக் கோழிக்குப் போட்டுவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம், கோழிக்கும் அது நஞ்சுதான்.