"நோய் முத்திப் போச்சு" என்பது மரணக் காரணம் ஆகாது

மனநலக் காப்பகத்தில் ஒருவர் இறந்தால் வீட்டுக்கு வரும் போனில் பெரும்பாலும் ஒரே பேச்சுதான்: "ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டுப் படுத்தாரு, காலையில எழுப்பினா எந்திரிக்கல." ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுவார்கள். உடல் ஊர் போய்ச் சேர்ந்து, பொழுது சாய்வதற்குள் அடக்கமோ தகனமோ முடிந்துவிடும். குளிப்பாட்டியபோது கணுக்காலில் பார்த்த தழும்பு அதற்குப் பிறகுதான் உறுத்த ஆரம்பிக்கும். குடும்பத்தார் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும்போது கையில் இறப்புச் சான்றிதழைத் தவிர எதுவும் இருக்காது. இப்படி இன்னொரு குடும்பம் வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மனச்சிதைவு நோய் முற்றினால் உயிர் போகாது. இருமுனை மனநோய் முற்றினாலும் போகாது. மூளையைத் தின்று இதயத்தை நிறுத்துகிற நோய்கள் அல்ல இவை. மனநோய் உள்ளவர் இறக்கிறார் என்றால் அவர் உடம்பில் வேறொன்று நடந்திருக்கிறது. வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து வற்றியிருக்கலாம், காசநோயை யாரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம், சோறு தொண்டையில் அடைத்திருக்கலாம், அடி விழுந்திருக்கலாம், நாள்கணக்கில் கட்டிப்போட்டதால் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் தடுத்திருக்க முடியும். "பைத்தியம், எப்படியும் போயிருப்பான்" என்று துக்க வீட்டில் பேசுகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்த ஒருவரைத் தப்பவிடுகிறார்கள். "இதயம் நின்றுவிட்டது" என்று மட்டும் எழுதித் தருவதும் அப்படித்தான். இதயம் நின்றது என்பது இறந்தார் என்பதற்கு இன்னொரு பெயர். மருத்துவமனை தரும் மரணக் காரணச் சான்றான படிவம் 4-ல் உடனடிக் காரணத்தை மட்டும் எழுதினால் போதாது, அது எதனால் வந்தது, அதற்கு முன் என்ன இருந்தது என்று படிப்படியாக நிரப்ப வரிகள் இருக்கின்றன. அந்த வரிகள் காலியாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம் ராமநாதபுரம் கடற்கரைக்கு இது மிக முக்கியம். உதறலுக்குத் தரும் டிரைஹெக்ஸிபெனிடில் வியர்வையைக் குறைக்கும். சித்திரை வைகாசியில் தகரக் கூரையின் கீழ், மின்விசிறி இல்லாத அறையில், குடிக்கக் கேட்டால்தான் தண்ணீர் என்று இருப்பவர் வெப்பத் தாக்கில் இறந்துபோகலாம். இருமுனை மனநோய்க்குத் தரும் லித்தியம் சாப்பிடுகிறவருக்கு உடம்பில் நீர் வற்றினாலோ, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகும். மனச்சிதைவுக்குத் தரும் குளோசபைன் தொடங்கினால் முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் வெள்ளணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அதே மருந்து தரும் மலச்சிக்கலைக் கண்டுகொள்ளாமல் விட்டால் குடல் அடைத்தும் உயிர் போகும். குடிநோயாளியைப் போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்த முதல் நான்கு நாள்கள் ஆபத்தான காலம். அந்த நேரத்தில் மருத்துவர் இல்லாமல் அறையில் போட்டுப் பூட்டினால் வலிப்பும் பிதற்றலும் வந்து இறந்துபோகலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் பாதிப்புகளும் மனநோயில் அடங்கும். எனவே அந்த மையங்களுக்கும் மனநலக் காப்பகங்களுக்கான அதே விதிகள்தான்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கீற்றுக் கொட்டகைக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த அந்த வகைக் காப்பகங்கள் மூடப்பட்டன, 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள், உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஒரே இரவில் 28 உயிர் போனதால் நாடு திரும்பிப் பார்த்தது. தனித்தனியாக, வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு ஊர்க்காரர்கள் இறந்தால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு மரணத்துக்கும் தனியாகக் கணக்குக் கேட்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அன்றைக்கு இல்லாத சட்டம் இன்றைக்கு இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 95 சங்கிலியை எந்த வடிவிலும் தடை செய்கிறது. "வீட்டாரே கையெழுத்துப் போட்டுத் தந்தாங்க" என்று காப்பகம் சொன்னால் அந்தக் கையெழுத்து செல்லாது. பிரிவு 97-இன்படி தனி அறையில் அடைக்கக் கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். ஏன், எவ்வளவு நேரம் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச நியமிக்கப்பட்டவருக்கு, சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பு இல்லையென்றால், மணிக்கட்டுத் தழும்புக்கு அவர்களிடம் பதில் இல்லை என்று பொருள்.

மரணச் செய்தி வந்ததும் செய்ய வேண்டியது இது. உடலை வாங்காதீர்கள், ஆம்புலன்ஸில் ஏற்ற விடாதீர்கள். இறந்த இடத்தின் காவல் நிலையத்தில், சந்தேக மரணம், உடற்கூறாய்வு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது பிரிவு 194. கேரளத்திலிருந்தோ கொங்கு நாட்டிலிருந்தோ வர வேண்டியிருந்து, அதற்குள் உடலை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றால் உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று சொல்லி மறுக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

துணியை விலக்கி மணிக்கட்டு, கணுக்கால், முதுகு, இடுப்பு எல்லாவற்றையும் படம் எடுங்கள். படுக்கைப்புண், சொறி, எலும்பு தெரியும் மெலிவு எதையும் விடாதீர்கள். இறந்தவரை இப்படிப் பார்ப்பது எவ்வளவு வலி என்று தெரியும், ஆனாலும் செய்யுங்கள். விசாரணைக்கு வரும் காவலரிடம் அந்தத் தழும்புகளைக் காட்டி, பிணவிசாரணை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். உடற்கூறாய்வு செய்யும் மருத்துவர் அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான் தொடங்குவார். உள்ளுறுப்புகளை ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பவும், கட்டிப்போட்ட சந்தேகம் இருந்தால் கெண்டைக்கால் ரத்தக் குழாய்களைத் திறந்து பார்க்கவும் எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் கால் பக்கம் கத்தி போகாமலே முடிந்துவிடக்கூடும்.

மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, அடக்காமல் காக்க வைக்கக் கூடாது என்ற மார்க்கக் கடமை புரிகிறது. அதற்காகவே விடியற்காலையிலேயே மனுவைக் கொடுங்கள், அன்றைக்கே முடித்து வாங்கப் பாருங்கள். அடக்கம் முடிந்திருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 196-இன்படி நடுவர் விசாரணை நடத்தலாம், தேவைப்பட்டால் உடலைத் தோண்டி எடுக்கவும் உத்தரவிடலாம். அந்த விசாரணையில் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி கூட இருக்கலாம். கோட்டாட்சியருக்கு மனு எழுதுங்கள், திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடமும் கொடுங்கள்.

சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கேட்கிறீர்களோ அவ்வளவு குறைவாக அதில் கைவைப்பார்கள். மாநில மனநல ஆணையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, அந்தக் காப்பகம் பதிவு பெற்றதா, கடைசியாக எப்போது ஆய்வு செய்தார்கள், என்ன குறை கண்டார்கள் என்று கேளுங்கள். பதிவில்லாமல் நடத்தினால் முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரைதான் அபராதம். ஓர் உயிர் போன இடத்தில் இந்தத் தொகை எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் கவனக்குறைவால் மரணம் விளைவித்தது என்று புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-இல் வழக்குப் பதியக் கேட்க வேண்டும், அதில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுதுவதானால் ஓராண்டுக்குள் எழுதுங்கள். காப்பக உரிமையாளரைப் பற்றி மட்டும் எழுதினால் மனு நிற்காது, ஆய்வு செய்யத் தவறிய அரசு அலுவலரையும் சேருங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் கூப்பிடுங்கள்.

உங்கள் பிள்ளையோ அண்ணனோ இப்போது காப்பகத்தில் இருந்தால், வளைகுடாவிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புவது மட்டும் போதாது. உள்ளூரில் ஒருவரைத் தன் நியமனப் பிரதிநிதியாக நோயாளியே எழுதிக் கையெழுத்திடச் செய்யுங்கள். அந்தப் பிரதிநிதி சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்க்கட்டும். மனநல மறுஆய்வு வாரியத்தின் தொடர்பு விவரம் சுவரில் இருக்கிறதா என்று பார்க்கட்டும், அதை ஒட்டி வைப்பது சட்டக் கடமை. வாசலில் உட்காரவைத்துப் பேசி அனுப்பினால் விடாமல் படுக்கும் இடத்தையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லட்டும். ஒவ்வொரு முறையும் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். மூன்று மாதத்தில் 5 கிலோ குறைந்திருந்தால் காப்பகத்தின் விளக்கத்துக்குக் காத்திராமல் அன்றைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகட்டும்.