சட்டைக்கு வெளியே வழிந்த சிவப்பு

அப்பாவின் ட்ரங்குப் பெட்டியில் ஒரு பழைய படப்புத்தகம் கிடந்தது. மலையக ஈரம் பட்டு ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. அதிலே சிவப்புச் சட்டை போட்ட ஒரு கரடி. சட்டையின் ஒரு விளிம்பில் மெல்லிய மஞ்சள் கீற்று, மறு விளிம்பில் ரோஸ் கீற்று. ஓவியருக்குக் கோட்டுக்குள் நிறம் தீட்டத் தெரியவில்லை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

லென்ஸ் வைத்துப் பார்த்தால் கதை வேறு. சிவப்பு மையே அந்தத் தாளில் இல்லை! மஞ்சள் புள்ளிகளும் மெஜந்தா என்கிற அடர் ரோஸ் புள்ளிகளும்தான். மஞ்சள் மை நீல ஒளியை விழுங்கும், மெஜந்தா பச்சையை விழுங்கும். மிஞ்சித் திரும்புவது சிவப்பு.

1870களில் லண்டன் அச்சாளர் எட்மண்ட் எவன்ஸ், நிறத்துக்கு ஒரு மரக்கட்டை செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார். சிறுவர் புத்தக ஓவியர்களான வால்டர் கிரேன், ரண்டால்ஃப் கால்டிகாட், கேட் கிரீனவே மூவரின் புகழிலும் அவருக்குப் பங்குண்டு என்பேன். அப்புறம் கேமரா வந்தது. 1902இல் வெளிவந்த பீட்ரிக்ஸ் பாட்டரின் முயல் கதைப் படங்கள் மூன்றே மைகளில் அச்சானவை.

ஓவியத்தை நீலம், பச்சை, சிவப்புக் கண்ணாடிகள் வழியே தனித்தனியாகப் படம் பிடித்தார்கள். மஞ்சள், மெஜந்தா, சியான் (பச்சை கலந்த நீலம்) அச்சுத் தகடுகள் முறையே அவற்றிலிருந்து பிறந்தன. ஆனால் அச்சு இயந்திரத்துக்கு வெளிர் மை, அடர் மை என்றெல்லாம் தெரியாது. மை விழும், அல்லது விழாது. அதனால் கேமராவுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறிய கண்ணாடி ஒன்றை வைத்து, படத்தையே புள்ளிகளாக உடைத்தார்கள். வெளிர் இடத்துக்குச் சின்னப் புள்ளி, அடர்ந்த இடத்துக்குப் பெரிய புள்ளி. வழவழப்பான தாளில் ஓர் அங்குலத்துக்கு 150 வரிசையும் அதற்கு மேலும் போகும். மீதிக் கலவையைக் கண் பார்த்துக்கொள்ளும்.

தேயிலைத் தொழிற்சாலைச் சல்லடைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அலை அலையாக ஒரு கோலம் தெரியும், பார்த்திருப்பீர்கள். புள்ளி வரிசைகளுக்கும் அதே தொல்லை. நான்காவதாகக் கறுப்பும் சேர்ந்த அச்சில் சியான், மெஜந்தா, கறுப்பு மூன்றையும் 30 பாகை இடைவெளியில் சாய்த்து வைப்பது அதற்காகத்தான். மஞ்சள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் அதற்கு 15 பாகையே போதும்.

சரி, கரடிச் சட்டை ஏன் விலகியது? காகிதம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், அதுவும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கேதான் அதிகம். வெயில் நாளில் மஞ்சளை அடித்துவிட்டு மழை நாளில் மெஜந்தாவை அடித்தால், தாள் அதே தாள்தான், அளவு வேறு. தாளைச் சில நாள் அச்சகத்துக்குள்ளேயே வைத்துப் பழக்குவது இதற்காகவே. இயந்திரம் தாளைக் கொஞ்சம் கோணலாக இழுத்தாலும் இதே கதிதான்.

வீட்டில் காலியான தேயிலைப் பெட்டி இருந்தால் ஒட்டிய மடிப்பைப் பிரித்துப் பாருங்கள். சில பெட்டிகளில் சின்னச் சின்ன நிறக் கட்டங்களும் ஒரு கூட்டல் குறியும் ஒளிந்திருக்கும். எல்லா மைகளும் அந்தக் கூட்டல் குறியில் ஒன்றாக விழுந்தனவா என்றுதான் அச்சகத்தில் குனிந்து பார்ப்பார்கள்.